700 டாலர் பாட்டிலுக்கு நான் சொன்ன மூன்று வார்த்தை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த திணறல்களையும், இரண்டு முறை சொன்ன வரிகளையும் எடுத்திருக்கிறோம். மற்றபடி பேசியது பேசியபடியே.)

 

இந்த வாரம் டெக் பேசப் போறதில்லை. நான் சொன்ன ஒரு பொய்யைப் பத்திப் பேசப் போறேன்.

போன மாதம் கூப்பர்டினோவில் ஒரு வீட்டு விருந்து. மேஜையில் ஒரு ரெட் ஒயின். விலை 700 டாலர். நான் ஒரு வாய் குடிச்சேன். சுற்றி இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. "சூப்பரா இருக்கு அண்ணா"ன்னு சொன்னேன். மூன்றே வார்த்தை. அதில் "அண்ணா" மட்டும்தான் உண்மை.

முன்னாடியே சொல்லிடறேன், இது குடிங்கன்னு சொல்ற எபிசோடு இல்லை. குடிக்காதவங்களும் தாராளமா கேட்கலாம். நான் பேசப் போறது மூக்கைப் பத்தி. மூக்கு ஒண்ணு சொல்லும்போது வாய் ஏன் வேற ஒண்ணு சொல்லுதுங்கிறதைப் பத்தி.

அண்ணான்னு நான் சொல்றவர் அமெரிக்காவில் என் முதல் டீமில் சீனியர் இன்ஜினியர். கோயம்புத்தூர்க்காரர். 1999-ல் எச்-1பி விசாவில் வந்தவர். ஆபீஸில் எல்லாரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, எனக்கு மட்டும் முதல் நாளே வாயில் அண்ணான்னு வந்திடுச்சு. அவர் கோட் ரிவ்யூ பண்ற விதம் டீமில் பிரபலம். நான் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒருத்தரோட 800 வரி மாற்றத்துக்கு நாலே நிமிஷத்தில் எல்ஜிடிஎம் போட்டேன். "பார்த்துட்டேன், நல்லா இருக்கு"ன்னு அர்த்தம், நம்ம ஆட்களுக்குத் தெரியும். அண்ணா என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, படிச்சியா?"

"மேலோட்டமா பார்த்தேன் அண்ணா."

"அப்போ மேலோட்டமா பார்த்தேன்னே எழுது. படிக்காம கையெழுத்துப் போடாதே."

அவ்வளவுதான். குரல் உயரலை. எனக்குத்தான் காது சூடாயிடுச்சு.

இந்த மனுஷனுக்கு ஒயின் பைத்தியம். மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்றரை வருஷமா, அவர் வீட்டு கராஜில் எனக்கு வகுப்பு நடந்தது. இருபது டாலர் பாட்டில்கள்தான். பழுப்புக் காகிதப் பையில் சுற்றி வைப்பார். மோந்து பார்த்து, குடிச்சு, தோணினதை நோட்டில் எழுதணும். எழுதி முடிச்ச பிறகுதான் பையைக் கழற்றுவார். எனக்குத் திராட்சை வகை கண்டுபிடிக்க வராது. ஆனா ஏதாவது கெட்டிருந்தா டக்குனு பிடிச்சிடுவேன். "உனக்கு டெஸ்டர் மூக்குடா"ன்னு சொல்வார்.

அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு அண்ணா இப்போ ஊருக்கே திரும்பிப் போறார். நாற்பது பாட்டில்களைக் கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா? கொடுத்தார், வித்தார், குடிச்சார். கடைசியா மிஞ்சினதில் பெரிய பாட்டிலைத் திறக்கத்தான் அந்த விருந்து. அண்ணா, அக்கா, அவரோட பழைய ஆபீஸ் நண்பர்கள் மூணு பேர், பக்கத்து வீட்டுக்காரர், நான்.

"போர்டோ ஸ்டைல்" அப்படின்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். போர்டோங்கிறது பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கிற ஊரும், அதைச் சுற்றின திராட்சைத் தோட்டங்களும். அங்கே ரெட் ஒயினை ஒரே வகைத் திராட்சையில் செய்யறது அபூர்வம். கேபர்னே சாவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃபிரான், பெத்தி வெர்டோன்னு சில வகைகளைக் கலப்பாங்க. கேபர்னேதான் எலும்புக்கூடு, மெர்லோ சதை. அதே திராட்சைகளை கலிஃபோர்னியாவிலோ, இத்தாலியிலோ நட்டு, அதே மாதிரி கலந்து செய்தா அது போர்டோ ஸ்டைல். நல்லதா இருந்தா இருபது, முப்பது வருஷம் பாட்டிலுக்குள்ளேயே மாறிக்கிட்டே இருக்கும். விலை ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணம். வருஷம் ஆக ஆக மத்தவங்க குடிச்சுத் தீர்த்துடறாங்க, மிச்சம் இருக்கிறது அபூர்வமாயிடுது.

அன்னைக்கு மேஜையில் இருந்தது கலிஃபோர்னியா பாட்டில். எந்தத் தோட்டம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா நடந்ததுக்கு அவங்க காரணம் இல்லை. அண்ணா அதை ஏலத்தில் எடுத்தவர். இரண்டு பாட்டில், ஒவ்வொண்ணும் 700 டாலர்.

இரண்டு நாள் முன்னாடியே பாட்டிலை நிமிர்த்தி வச்சுட்டார். பழைய ரெட் ஒயினில் அடிமண்டி சேரும், நம்ம ஃபில்டர் காபி டிகாக்ஷனில் அடியில் தங்குமே, அது மாதிரி. படுத்திருந்த பாட்டிலை அப்படியே ஊற்றினா மண்டி கலங்கிடும். பழைய கார்க் பொடிஞ்சு உள்ளே விழும்னு, திருகு இல்லாத, இரண்டு தகடு உள்ள திறப்பான் வச்சு இழுத்தார். கார்க் முழுசா வந்தது. எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் போன் டார்ச்சை பாட்டில் கழுத்துக்குக் கீழே பிடிச்சு, மெதுவா, மண்டி கழுத்துக்கு வர்ற வரைக்கும் தெளிவா இறுத்தார். ஒரு கல்யாண வீட்டுச் சடங்கு மாதிரி அவ்வளவு அமைதி.

கிளாஸ் என் கைக்கு வந்தது. மோந்தேன்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளே கொடி கட்டித் துணி காயப்போட்டா, மூணாவது நாள் ஒரு முடை வாடை வருமே? அதுதான் வந்தது. நனைஞ்ச அட்டைப்பெட்டி. ரொம்ப லேசா. இரண்டாவது தடவை மோந்தேன், கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது. மூணாவது தடவை எதுவுமே தெரியலை, பழ வாசனையும் சேர்த்து. குடிச்சேன். துவர்ப்பு இருந்தது, புளிப்பு இருந்தது, நடுவில் இருக்க வேண்டியது இல்லை. சாம்பாரில் பருப்பு போட மறந்த மாதிரி.

அதுக்குள்ளே மேஜையில் பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தர் "என்ன ஒரு நிதானம்"னார். இன்னொருத்தர் "இன்னும் திறக்கலை, நேரம் கொடுக்கணும்"னார். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அண்ணா என்னைப் பார்த்தார். "என்னடா, எப்படி?"

நான் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னேன்.

என் மூக்கு பிடிச்சதுக்குப் பேர் இருக்கு. டிசிஏ. முழுப் பேர் ட்ரைகுளோரோஅனிசோல். கார்க் ஒரு மரப்பட்டை. அதில் இருக்கிற பூஞ்சைகள் சில குளோரின் சேர்மங்களை மாற்றும்போது இது உண்டாகுது. தோட்டத்தில் தப்பில்லை, ஒயின் செய்தவங்க கையில் தப்பில்லை. ஒரே கேஸில் பதினொரு பாட்டில் நல்லா இருந்து ஒண்ணு மட்டும் போயிருக்கும், ஏன்னா ஒவ்வொரு கார்க்கும் தனி. குடிச்சா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிடும். நானோகிராம்னா ஒரு கிராமை நூறு கோடி பங்கு போட்டா அதில் ஒரு பங்கு. சிலருக்கு இன்னும் குறைவா இருந்தாலே தெரியும், சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் தெரியாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச, கொஞ்சம் பயமுறுத்தின விஷயம் ஒண்ணு இருக்கு. 2013-ல் ஒசாகா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு பேப்பர் போட்டாங்க. டிசிஏ வெறும் கெட்ட வாடை மட்டும் இல்லை, மூக்கில் வாசனையை உணர்ற செல்களோட சிக்னலையே அது அமுக்கிடுதுன்னு காட்டினாங்க. அதாவது இந்த பக் வந்தா, லாகிங்கையும் சேர்த்து ஆஃப் பண்ணிடும். அதனாலதான் லேசா இருக்கும்போது "கெட்டுப்போச்சு"ன்னு தோணாது. "இந்த ஒயின் ஏனோ மந்தமா இருக்கு"ன்னுதான் தோணும். "இன்னும் திறக்கலை"ன்னு சொன்னாரே ஒருத்தர், அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

மத்தவங்களும் பொய் சொல்லியிருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். 2008-ல் வெளிவந்த பிரபலமான ஆய்வு ஒண்ணு, கேள்விப்பட்டிருப்பீங்க. கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் சேர்ந்து செய்தது. 20 பேரை ஸ்கேன் மெஷினில் படுக்க வச்சு, குழாய் வழியா கேபர்னே ஒயின் கொடுத்தாங்க. அஞ்சு வகைன்னு சொல்லி, உண்மையில் மூணு வகைதான் கொடுத்தாங்க. ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர்னும் இன்னொரு தடவை 90 டாலர்னும் சொன்னாங்க. 90-னு சொன்னப்போ பிடிச்சிருக்குன்னு சொன்னது மட்டும் இல்லை, மூளையில் இன்பத்தைக் கணக்கு வைக்கிற பகுதியே கூடுதலா வேலை செய்தது. அதாவது விலை, மூளை இன்பத்தைக் கணக்குப் போடுற இடத்திலேயே கலந்துடுது.

ஆனா இந்த ஆய்வை நான் எனக்குச் சாக்காச் சொல்ல முடியாது. எனக்கு வாடை தெரிஞ்சது. தெளிவா தெரிஞ்சது. தெரிஞ்ச பிறகு மூளைக்குள்ளே ஓடினது இதுதான்: இவர் 25 வருஷமா குடிக்கிறவர், நான் ஒன்றரை வருஷம். நான் அரியலூர்ப் பையன், 22 வயசு வரைக்கும் ஒயினைக் கண்ணால் பார்த்ததில்லை. 700 டாலர் பொருளில் எனக்கு முடை வாடை வருதுன்னா, கெட்டது ஒயினா, என் மூக்கா? இரண்டாவதுன்னு முடிவு பண்ணினேன். அதுக்கு மேலே, மனுஷன் ஊரை விட்டுப் போற நேரத்தில் அவரோட பெரிய பாட்டிலைக் கெட்டுப்போச்சுன்னு யார் சொல்றது?

எல்லாரும் குடிச்சோம். யாரும் இரண்டாவது கிளாஸ் கேட்கலை. 700 டாலர் ஒயின் டிகாண்டரில் பாதி அப்படியே நின்னுது. அதைப் பார்த்தாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

பத்து மணிக்கு நண்பர்கள் மூணு பேரும் கிளம்பிட்டாங்க. நான் சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கிட்டிருந்தேன். அண்ணா டிகாண்டரோட வந்தார். சிங்க் பக்கத்தில் வச்சார்.

"நீ என்ன எழுதியிருப்பே நோட்டில்? பையைக் கழற்றாம இருந்தா?"

நான் தட்டைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்.

"கார்க் அண்ணா."

"எப்போ தெரிஞ்சது?"

"முதல் மோப்பத்திலேயே."

அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார், "எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனா காசு போட்டது நான். என் மூக்கை நானே நம்பலை. அதான் உன்னைக் கேட்டேன்."

இந்த வரி எனக்கு இன்னும் காதில் நிக்குது. நான் மரியாதைக்காகப் பொய் சொன்னதா நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த மேஜையில் விலைக்குக் கட்டுப்படாத ஒரே மூக்கு என்னோடதுன்னு நினைச்சு அவர் என்னைக் கேட்டிருக்கார். நான் படிக்காம போட்ட எல்ஜிடிஎம் கூட இல்லை இது. படிச்சு, பக்கைப் பார்த்துட்டு, போட்ட எல்ஜிடிஎம்.

ஒரு வைத்தியம் உண்டு. உணவு சுத்தற பாலித்தீன் தாளைச் சுருட்டி ஒயினுக்குள்ளே போட்டா, அது டிசிஏவை உறிஞ்சும். போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் வாடை குறைஞ்சது. ஆனா பழம் திரும்பி வரலை. பாலித்தீன் நல்ல வாசனைகளையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். சிங்க்கில் ஊற்றினார். ஏலத்தில் எடுத்தது, யாரிடம் போய்த் திருப்பிக் கேட்கிறது?

பிறகு கராஜுக்குப் போய் இன்னொரு பாட்டிலோட வந்தார். "உன் வயசு இதுக்கு"ன்னார். ரிட்ஜ் மான்டே பெல்லோ, 1996. வந்த புதுசில், முதல் போனஸில் வாங்கினது. ரசீது கூட வச்சிருந்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விலகிப் போறேன், பொறுத்துக்கோங்க. இந்த ஒயினோட கதை நம்ம மாதிரி ஆட்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும்.

கூப்பர்டினோன்னா நமக்கு ஆப்பிள். அந்த ஆபீஸ் பக்கம் நின்னு மேற்கே பார்த்தா ஒரு மலைத்தொடர் தெரியும். அண்ணா வீட்டு மாடி ஜன்னலில் இருந்தும் தெரியும். அதுதான் மான்டே பெல்லோ, இத்தாலிய மொழியில் அழகான மலை. 1880களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ஒரு இத்தாலிய டாக்டர், ஓசியா பெரோன், அங்கே நிலம் வாங்கித் திராட்சை நட்டார். 1892-ல் முதல் அறுவடை. அப்புறம் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது, தோட்டம் காடாச்சு. 1940களின் கடைசியில் அதுக்குக் கீழே இருந்த நிலத்தை வாங்கின ஒருத்தர் கேபர்னே நட்டார். 1959-ல் அதை வாங்கினவங்க யார் தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்த நாலு பேரும் அவங்க குடும்பங்களும். வார இறுதியில் போய் இருக்கலாம்னு வாங்கின இடம்.

அந்த நாலு பேரில் ஒருத்தர் சார்லி ரோசன். ஷேக்கின்னு ஒரு ரோபோ கேள்விப்பட்டிருக்கீங்களா? தானா யோசிச்சு நகர்ந்த முதல் ரோபோன்னு சொல்வாங்க. அந்த ஏஐ குழுவை ஆரம்பிச்சவர் இவர்தான். நம்ம எல்லாரும் காலேஜில் பரீட்சைக்குப் படிச்ச ஏ-ஸ்டார் அல்காரிதம், 1968-ல் வந்தது, அந்த ரோபோவுக்கு வழி தேடித் தரத்தான். வாரநாளில் ரோபோ, சனி ஞாயிறு திராட்சை. நாலு பேரில் இன்னொருத்தர், டேவ் பெனியன், 1967-ல் வேலையை விட்டுட்டு முழுநேரமா மலைக்கே போயிட்டார். நம்ம ஸ்லாக்கில் வாரம் ஒருத்தர் "வேலையை விட்டுட்டு விவசாயம்"னு போடுறாங்களே, அதில் ஜெயிச்ச ஆள். 1969-ல் பால் டிரேப்பர் ஒயின் செய்ய வந்தார். அவர் படிச்சது தத்துவம்.

மலையில் சுண்ணாம்புக்கல் இருக்கு. கலிஃபோர்னியாவில் அது அபூர்வம். பக்கத்திலேயே 1939-ல் சிமெண்ட் ஆலையும் வந்திடுச்சு. எங்க அரியலூரிலும் அதே கல்தான், அதே சிமெண்ட்தான். திராட்சைதான் இல்லை. சுண்ணாம்பு, உயரம், பசிபிக் குளிர் காற்று எல்லாம் சேர்ந்து திராட்சை மெதுவா பழுக்கும். புளிப்பு தங்கும், ஆல்கஹால் எகிறாது. பக்கத்து நாப்பாவில் வெயிலில் பழுத்த பெரிய கேபர்னேக்களை விட இது ஒல்லி.

1976 மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி, ஒன்பது பிரெஞ்சு நடுவர்களை உட்கார வச்சு, லேபிளை மறைச்சுக் குடிக்கக் கொடுத்தார். ரெட் பக்கம் கலிஃபோர்னியா ஆறு, போர்டோ நாலு. போர்டோ நாலும் சாதாரணம் இல்லை, மூத்தோன் ரோத்ஷீல்டு, ஓ பிரியோன் அளவுக்குப் பெரிய பேர்கள். ஜெயிச்சது நாப்பாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. மான்டே பெல்லோ 1971 அஞ்சாவது. பிரெஞ்சுக்காரங்க என்ன சொன்னாங்கன்னா, இளசில் இது எடுப்பா இருக்கும், எங்க ஒயின் மாதிரி வயசாகி நிக்காது. சரின்னு 2006-ல், அதே மே 24, லண்டனிலும் நாப்பாவிலும் ஒரே நாளில் அதே ரெட் ஒயின்களைத் திரும்பத் திறந்தாங்க. முப்பது வருஷம் கழிச்சு, இரண்டு ஊரிலும் முதல் இடம் மான்டே பெல்லோ 1971. லேபிளை மறைச்சப்புறம் நடந்தது இது. அதனாலதான் எனக்கு இந்தக் கதை மேல மரியாதை.

புது வருஷத்து மான்டே பெல்லோவே விலை அதிகம். பழசு கிடைச்சா அதுக்கு மேலே.

சரி, கராஜுக்கு வருவோம். கார்க் எடுத்தாச்சு, நான் உடனே கார்க்கை மோந்தேன், அண்ணா சிரிச்சார். ஆனா எனக்கு இப்போ வேற பிரச்சனை. கதை தெரியும், விலை தெரியும், என் பிறந்த வருஷம் வேற. நான் என்ன சொன்னாலும் அதை நான் எப்படி நம்பறது?

அக்காதான் வழி சொன்னாங்க. அவங்க குடிக்க மாட்டாங்க, ஆனா வேலை உணவு நிறுவனத்தில், சுவைப் பரிசோதனைதான். "முக்கோண டெஸ்ட் வைங்க." மூணு டம்ளர். இரண்டில் ஒரே ஒயின், ஒண்ணில் வேற. எது வேறன்னு சொல்லணும், அவ்வளவுதான். எதிராளியா சூப்பர்மார்க்கெட்டில் வாங்கின 20 டாலர் கேபர்னே. நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிடக் கூடாது, பழைய ஒயின் ஓரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். அதனால எவர்சில்வர் டம்ளர். 28 வருஷ ஒயினை எவர்சில்வர் டம்ளரில் குடிச்ச ஆட்கள் உலகத்தில் நாங்க மட்டும்தான்னு நினைக்கிறேன்.

அண்ணா, பக்கத்து வீட்டுக்காரர், நான். அக்கா சமையலறையில் ஊற்றிக் கொண்டு வந்தாங்க. அண்ணாவும் நானும் சரியா சொன்னோம். பக்கத்து வீட்டுக்காரர் தப்பு. உடனே கணக்குப் போட்டேன், பழக்க தோஷம். மூணு பேரும் கண்ணை மூடிக் குத்துமதிப்பா சொன்னாலும், இரண்டு பேராவது சரியாச் சொல்ல 26 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதனால இது ஒரு நிரூபணமும் இல்லை.

"எது பிடிச்சது?"ன்னு அக்கா கேட்டாங்க. எது எதுன்னு சொல்லலை அவங்க. நான் மறுபடி மூணையும் குடிச்சேன். இந்தத் தடவை நேரா சொன்னேன், "நடு டம்ளர். பழம் நல்லா வருது. மத்த இரண்டும் கொஞ்சம் ஒதுங்கி நிக்குது."

நடு டம்ளர் 20 டாலர் ஒயின்.

அண்ணா விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கு அவமானமா இல்லை, அதுதான் ஆச்சரியம். மணி பத்தே முக்காலில், டம்ளரில், எனக்கு அதுதான் பிடிச்சது. அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் கிளாஸுக்கு மாத்தினோம். இங்கேதான் பழைய ஒயின் தன்னைக் காட்டுச்சு. முதல் பதினஞ்சு நிமிஷம் ஒண்ணும் இல்லை. பிறகு பென்சில் சீவின தூள் வாசனை. அப்புறம் தாத்தாவோட வெற்றிலைப் பெட்டியைத் திறந்த மாதிரி, காய்ந்த புகையிலை, பழைய மரம். ஆங்கிலப் புத்தகங்களில் கேபர்னேன்னா பிளாக்கரன்ட்னு எழுதுவாங்க. நான் பிளாக்கரன்ட் தின்னு வளர்ந்தவன் இல்லை. என் நோட்டில் எப்பவும் நாவல்பழம்தான். இதில் அந்த நாவல்பழம் காஞ்சு போயிருந்தது, ஆனா இருந்தது. ஓரத்தில் ஒரு கொப்பரை வாசனை. அண்ணாவிடம் சொன்னேன், பாட்டிலைக் காட்டினார். மான்டே பெல்லோவை பெரும்பாலும் அமெரிக்க ஓக் பீப்பாயில் வைப்பாங்க, பிரெஞ்சு ஓக் இல்லை. அமெரிக்க ஓக்கில் தேங்காய் வாசனை தர்ற லாக்டோன் அதிகம். தேங்காயை நமக்கு யாரும் சொல்லித் தரணுமா?

இன்னொரு விஷயத்திலும் நமக்கு வசதி இருக்கு. டானின்னு சொல்வாங்க, நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் அதை ஒரு சுவைன்னு சொல்றதில்லை, ஒரு உணர்வுன்னு சுத்தி வளைப்பாங்க. நமக்கு அறுசுவையில் ஒண்ணே துவர்ப்பு. வாழைப்பூ துவர்ப்பு வேற, கொட்டைப்பாக்குத் துவர்ப்பு வேற, ஆறிப்போன டீ துவர்ப்பு வேறன்னு நம்ம வீட்டுப் பாட்டிகளுக்கே தெரியும். 20 டாலர் ஒயினில் இருந்தது டீ துவர்ப்பு, ஈறில் ஒட்டிச்சு. மான்டே பெல்லோவில் இருந்தது நெல்லிக்காய் மாதிரி, முதலில் துவர்த்து, தண்ணி குடிச்சா இனிக்குமே, அந்த வகை. முழுங்கின பிறகு ஒரு நிமிஷம் கிட்ட வாயிலேயே இருந்தது. பதினொன்றரை மணிக்கு யாராவது கேட்டிருந்தா, தயக்கமே இல்லாம இதைத்தான் சொல்லியிருப்பேன். முக்கால் மணி நேரத்தில் என் பதில் மாறினதை நான் மறைக்கலை, இரண்டையும் நேரம் போட்டு நோட்டில் எழுதியிருக்கேன்.

விலைக்குத் தகுமான்னு கேட்பீங்க. என் வாய்க்கு, ஐம்பது அறுபது டாலர் வரைக்கும் பாட்டிலுக்குள்ளே வித்தியாசம் தெரியுது. அதுக்கு மேலே போற காசு காலத்துக்கு, அபூர்வத்துக்கு, ஒரு மலைக்கு. அதைக் கொடுக்கிறது தப்புன்னு சொல்ல மாட்டேன், நாக்குக்குக் கொடுக்கிறதா நினைச்சுக்காதீங்கன்னுதான் சொல்வேன்.

மார்க் போடலை. நூற்றுக்கு 96, 97-னு போடுற பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை போய் நாளாச்சு. ராபர்ட் ஹாட்ஜ்சன்னு ஒரு பேராசிரியர், அவரே ஒயினும் செய்தவர். கலிஃபோர்னியா ஸ்டேட் ஃபேர் போட்டி நடுவர்களுக்கு, அவங்களுக்குத் தெரியாம, ஒரே பாட்டிலில் இருந்து மூணு தடவை ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார். பத்தில் ஒரு நடுவர்தான் மூணு தடவையும் கிட்டத்தட்ட ஒரே பதக்க அளவில் மார்க் போட்டார். தொழில்முறை ஆட்களே இப்படின்னா, ஒரே ராத்திரியில் மனசு மாறின நான் என்ன மார்க் போடுறது?

பன்னிரண்டரைக்குக் கிளம்பினேன். அண்ணா கார் வரைக்கும் வந்தார். கையில் ஒரு பை. முதல் பாட்டிலோட ஜோடி, ஏலத்தில் கூடவே வந்த இரண்டாவது 700 டாலர். வேண்டாம்னேன். "ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியாதுடா. வேற கார்க், நல்லா இருக்கலாம். எப்பவாவது திற. கெட்டிருந்தா எத்தனை மணியானாலும் போன் பண்ணிச் சொல்லு"ன்னார்.

போன வாரம் அவங்க கோயம்புத்தூர் போயாச்சு. பாட்டில் என் அபார்ட்மென்ட் ஃபிரிட்ஜில், தயிர் டப்பாவுக்குப் பின்னாடி படுத்திருக்கு. திறக்கிற அன்னைக்கு, நல்லதோ கெட்டதோ, இங்கே வந்து சொல்றேன்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.